ஐஇஎல்டிஎஸ் ஆங்கில வாசிப்புத் தேர்வு: பலவுள் தெரிவு வினாக்களை எதிர்கொள்வது எப்படி?

வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு முதன்முறையாகத் தயாராகிறவர்களுள் பலர், வாசிப்புத் தாளில் பலவுள் தெரிவு வினாக்களைக் கண்டதும் சற்று ஆறுதல் அடைகிறார்கள். பள்ளியில் ஒரு மதிப்பெண் வினாவாகப் பழகிய வடிவம் அது, விடை கண்ணெதிரே நான்கில் ஒன்றாக இருக்கிறது, எழுத்துப்பிழைக்கும் வழியில்லை. ஆனால் மாதிரித் தேர்வைத் திருத்திப் பார்க்கும்போது, வேறு வகை வினாக்களில் தேறியவர்கள்கூட இங்கே மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டிருப்பது தெரியவரும். பள்ளியின் ஒரு மதிப்பெண் வினா நினைவாற்றலைச் சோதிப்பது. படித்த விடையைத் தெரிவுகளுக்கிடையே பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். வாசிப்புத் தேர்விலோ, தவறான மூன்று தெரிவுகளும் உரையில் உள்ள சொற்களைக் கொண்டே, அவசரமாகப் படிப்பவருக்குச் சரியென்று தோன்றும்படி எழுதப்படுகின்றன. ஆகவே தெரிவுகளைப் பார்த்து விடை தேடும் பள்ளிப் பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது: விடையை முதலில் உரையில் கண்டுகொண்டு, அதன் பிறகே தெரிவுகளிடம் வர வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

தேர்வின் அமைப்பு

உயர்கல்விக்குச் செல்வோர் எழுதும் அகாடமிக் பிரிவின் வாசிப்புத் தாளில் மூன்று நீண்ட உரைப்பகுதிகள் உள்ளன. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 2,150 முதல் 2,750 சொற்கள் வரை இருக்கும். வினாக்கள் 40, நேரம் 60 நிமிடம். சரியான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. பொதுவாக 23 விடைகள் சரியாக இருந்தால் 6 என்னும் பேண்டும் (ஒன்பது வரை செல்லும் தர அளவு), 30 சரியாக இருந்தால் 7 என்னும் பேண்டும் கிடைக்கும் எனக் கொள்ளலாம். தாளின் கடினத்துக்கேற்ப இது சிறிது மாறும். இரண்டுக்கும் இடையே இருப்பது ஏழே ஏழு வினாக்கள்தான் என்பதைக் கவனித்தால், ஒரு தாளில் வரும் நான்கைந்து பலவுள் தெரிவு வினாக்களின் மதிப்பு புரியும்.

இவ்வினாக்கள் மூன்று வடிவங்களில் வருகின்றன. நான்கு தெரிவுகளில் ஒன்றைத் தேர்வது பரவலான வடிவம். ஐந்தில் இரண்டைத் தேர்வதும் ஏழில் மூன்றைத் தேர்வதும் மற்ற இரண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான, புதியவர்கள் பெரும்பாலும் அறியாத ஒரு விதி உண்டு: வினாக்கள் உரையில் செய்திகள் வரும் அதே வரிசையில் அமைந்திருக்கும். 28ஆம் வினாவின் விடை கிடைத்த இடத்துக்குப் பின்னால்தான் 29ஆம் வினாவின் விடை இருக்கும். இந்த ஒரு விதியைப் பயன்படுத்தினாலே தேடும் நேரம் பாதியாகக் குறைந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் உரை

உத்திகளை வெறும் வாயளவில் சொல்வதைவிட ஓர் உரையை முன்வைத்துச் சொல்வது தெளிவாக இருக்கும். தேர்வில் உரை ஆங்கிலத்தில்தான் வரும் என்றாலும், தெரிவுகள் ஏமாற்றும் விதம் எம்மொழியிலும் ஒன்றே என்பதால், உரையின் கருத்தைத் தமிழிலேயே தருகிறேன்.

“1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், ஒரு தட்டில் வளர்ந்திருந்த பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் அழிந்திருந்ததைக் கண்டார். மறு ஆண்டு அதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆயினும் அந்தப் பூஞ்சை சுரந்த பொருளான பெனிசிலினைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது கடினமாக இருந்தது. அது எளிதில் சிதைந்தும் போயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, 1939இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் கையில் எடுத்த பின்னரே பணி வேகம் பெற்றது. 1940 மே மாதத்தில், கொடிய பாக்டீரியா செலுத்தப்பட்ட எட்டு சுண்டெலிகளில், பெனிசிலின் பெற்ற நான்கும் பிழைத்தன. பெறாத நான்கும் இறந்தன. 1941 பிப்ரவரியில் நோய்த்தொற்றால் உயிருக்குப் போராடிய காவலர் ஒருவருக்கு அது செலுத்தப்பட்டது. சில நாள்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினார்கள். கையிருப்பு தீர்ந்ததும் நோய் திரும்பியது. மறுமாதம் அவர் இறந்தார். செய்தித்தாள்கள் பெரும்பாலும் ஃபிளெமிங்கையே புகழ்ந்தன. 1945ஆம் ஆண்டின் நோபல் பரிசோ மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.”

முதற்படி: உரையின் வரைபடம்

உரையை எடுத்ததும் வரிக்கு வரி படிக்கத் தொடங்க வேண்டாம். தலைப்பையும், தலைப்பின் கீழே துணைவரி இருந்தால் அதையும், ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிட்டால், எந்தச் செய்தி எந்தப் பத்தியில் இருக்கும் என்னும் உத்தேசமான வரைபடம் மனத்தில் விழுந்துவிடும். முழு உரையையும் ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் வினாவுக்கு வருவேன் என்பவர்களை நான் தடுப்பதில்லை. வேகமாகப் படிக்கப் பழகியவர்களுக்கு அது பொருந்துகிறது. ஆனால் தொடக்கநிலையில் இருப்பவர் அப்படிச் செய்தால், மூன்றாம் உரைக்கு வரும்போது பத்து நிமிடம்தான் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் படி: வினாவை மட்டும் படித்தல்

அச்சுத் தாளில் எழுதுகிறவர்கள் தெரிவுகளை உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளலாம். கணினியில் எழுதுகிறவர்கள் திரையைச் சற்று நகர்த்தி வினா வாக்கியம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றக்கூடும். ஆயினும் தெரிவுகளை முதலில் படித்துவிட்டால், அவற்றில் உள்ள மூன்று பொய்களும் நம் மனத்தில் குடியேறிவிடுகின்றன. அதன் பிறகு உரையைப் படிக்கும்போது, உரை சொல்வதை விட்டுவிட்டு நாம் எதிர்பார்ப்பதையே படிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

வினாவைப் படிக்கும்போது, அது எதைக் கேட்கிறது என்பதை ஒரே சொல்லில் முடிவு செய்துகொள்ள வேண்டும். செய்தியைக் கேட்கிறதா, காரணத்தைக் கேட்கிறதா, எழுதியவரின் கருத்தைக் கேட்கிறதா, ஒன்றைக் குறிப்பிட்டதன் நோக்கத்தைக் கேட்கிறதா? இந்தப் பாகுபாடு முக்கியமானது. ஏனெனில் ஒரு வினாவுக்கான தவறான விடை பலமுறை வேறொரு வினாவுக்கான சரியான விடையாக இருக்கிறது. காரணம் கேட்ட இடத்தில் விளைவைச் சொல்லும் தெரிவு உரையின்படி முழு உண்மையாகவே இருக்கலாம். உண்மையாக இருப்பது போதாது. கேட்டதற்கு விடையாகவும் இருக்க வேண்டும்.

வினா முழு வாக்கியமாக வராமல் பாதி வாக்கியமாக நின்று, தெரிவுகளில் ஒன்று அதை நிறைவு செய்வதாகவும் வரும். அப்போது அப்பாதியை மனத்துக்குள் ஒரு கேள்வியாக மாற்றிக்கொள்வது நல்லது. “ஃபிளெமிங்கின் கண்டுபிடிப்பு பத்தாண்டுகள் மருந்தாகாமல் இருந்ததற்குக் காரணம்...” என்று நின்றால், “ஏன் மருந்தாகவில்லை?” என்று கேட்டுக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: இடத்தைக் கண்டுபிடித்தல்

பெயர்கள், ஆண்டுகள், ஊர்கள், கலைச்சொற்கள் ஆகியவை உரையிலும் வினாவிலும் பெரும்பாலும் மாறாமல் இருப்பதால் அவற்றைக் கொண்டு இடத்தைப் பிடிக்கலாம். ஆங்கில உரையில் பெயர்ச்சொல்லின் முதலெழுத்து பெரிய எழுத்தாக இருப்பது தமிழ் உரையில் இல்லாத ஒரு வசதி; கண் ஓடும்போதே அகப்பட்டுவிடும். பெயரோ ஆண்டோ இல்லாத வினாக்களுக்கு வரிசை விதிதான் துணை. முந்தைய வினாவின் விடை எங்கே, அடுத்த வினாவுக்குரிய பெயர் எங்கே என்று பார்த்தால், தேட வேண்டிய இடம் அவ்விரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு பத்திகளாகச் சுருங்கிவிடும்.

உரை முழுவதையும் பற்றிக் கேட்கும் வினா, அதாவது பொருத்தமான தலைப்பு எது, எழுதியவரின் மொத்த நோக்கம் என்ன என்பன போன்றவை, வழக்கமாகத் தொகுதியின் இறுதியில் வரும். அதை இறுதியில்தான் எழுத வேண்டும். மற்ற வினாக்களுக்காக உரையை அலசி முடித்தபோது அதற்கான விடை பெரும்பாலும் தானே கையில் இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது அளவு மட்டுமே. மேலே தந்த உரைக்கு “20ஆம் நூற்றாண்டு மருத்துவத்தின் வளர்ச்சி” என்பது மிகப் பெரிய சட்டை. “ஃபிளெமிங்கின் ஆய்வுக்கூடத் தட்டு” என்பது மிகச் சிறிய சட்டை. “கண்டுபிடிப்பிலிருந்து மருந்து வரை ஒரு நீண்ட பாதை” என்பதே உடம்புக்குச் சரியாக இருக்கிறது.

நான்காம் படி: சொந்த விடை

இடம் கிடைத்ததும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் படித்து நிறுத்திவிடக் கூடாது. அதற்கு முன்னுள்ள இரண்டு வாக்கியங்களையும் பின்னுள்ள இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து மெதுவாகப் படிக்க வேண்டும். அறுபது நிமிடத்தில் மெதுவாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். மற்ற இடங்களில் வேகமாகச் சென்றதே இங்கே நின்று படிப்பதற்காகத்தான். படித்ததும், தெரிவுகளைத் திறப்பதற்கு முன்பே, விடையை நான்கைந்து சொற்களில் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். தமிழில் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. ஆங்கிலத் தேர்வுக்கு ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். முழு உரையையும் மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும் என்ற அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் “பிரித்தெடுக்க முடியவில்லை, கெட்டுப்போனது” என்னும் அளவிலான ஒரு சொற்றொடர் ஒரு நொடியில் முடிந்துவிடும். விடை புரிந்ததா, புரிந்ததுபோல் இருக்கிறதா என்பதையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்தாம் படி: தெரிவுகளைச் சோதித்தல்

இப்போது தெரிவுகளைத் திறக்கலாம். ஃபிளெமிங்கின் கண்டுபிடிப்பு ஏன் பத்தாண்டுகள் மருந்தாகவில்லை என்னும் வினாவுக்கு இப்படி நான்கு தெரிவுகள் இருப்பதாகக் கொள்வோம்.

ஏ. அவர் தம் ஆய்வு முடிவை வெளியிடவில்லை.
பி. விலங்குகளிடம் செய்த சோதனையில் பாதி உயிர்கள் இறந்தன.
சி. பூஞ்சையின் பொருளைக் கெடாத நிலையில் தனியே பெற இயலவில்லை.
டி. போரின் காரணமாக ஆய்வுக்கு நிதி கிடைக்கவில்லை.

ஏ உரைக்கு நேர் எதிரானது. மறு ஆண்டே கட்டுரை வெளியானது என்று உரை சொல்கிறது. இதில் அகப்படுபவர்கள் குறைவு. பி தான் உண்மையான வலை. எட்டு சுண்டெலிகளில் நான்கு இறந்தது உரையில் இருக்கிறது. எண்ணும் சரி, சொல்லும் சரி. ஆனால் இறந்தவை மருந்து பெறாதவை; அந்தச் சாவு மருந்தின் வெற்றிக்குச் சான்றே தவிரத் தோல்விக்கு அல்ல. அதோடு அந்தச் சோதனை 1940இல் நடந்தது. வினா கேட்பதோ அதற்கு முந்தைய பத்தாண்டுகளைப் பற்றி. டி உரைக்கு வெளியிலிருந்து வருவது. இரண்டாம் உலகப் போர் என்பது நமக்குத் தெரிந்த செய்தி. போர்க்காலத்தில் நிதித் தட்டுப்பாடு வந்திருக்கும் என்பது நம் ஊகம். உரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. படித்த துறையைப் பற்றியே உரை வந்துவிட்டால் இந்த வகைப் பொறியில் கெட்டிக்காரர்கள்தான் முதலில் விழுகிறார்கள். மருந்தியல் படித்தவர் பெனிசிலினைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை எழுதிவிட்டு வருவார்.

சி உரையின் சொற்களுள் ஒருசிலவற்றையே கொண்டிருக்கிறது. ஆனால் பொருள் அப்படியே இருக்கிறது. தூய்மையாகப் பிரித்தெடுப்பது கடினம் என்பது “தனியே பெற இயலவில்லை” என்றும், எளிதில் சிதைந்தது என்பது “கெடாத நிலையில்” என்றும் உருமாறியிருக்கின்றன. சரியான விடை பெரும்பாலும் இப்படித்தான் வேறு உடையில் வருகிறது.

இதிலிருந்து, உரையின் சொல் அப்படியே வந்தால் அந்தத் தெரிவு தவறு என்று ஒரு சூத்திரத்தை உருவாக்கிக்கொள்ளக் கூடாது. மிக நீளமான தெரிவே விடை, சி அதிகம் வரும் என்பன போன்ற சூத்திரங்களும் சுற்றில் உள்ளன. அவற்றை நம்பி நேரத்தை மிச்சப்படுத்தியவரை நான் கண்டதில்லை. நம்பத் தகுந்த சோதனை ஒன்றுதான்: தேர்ந்த தெரிவின் ஒவ்வொரு சொல்லுக்கும் உரையில் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே விரலை வைக்க முடிய வேண்டும். ஒரு தெரிவில் ஐந்து செய்திகளுள் நான்கு சரியாக இருந்து ஐந்தாவதற்கு விரல் வைக்க இடமில்லையென்றால், அந்தத் தெரிவு முழுவதுமே தவறு.

நோக்கம் கேட்கும் வினாவில் இந்தச் சோதனை சற்று மாறும். காவலரின் நிகழ்ச்சியை எழுதியவர் ஏன் குறிப்பிடுகிறார் என்று கேட்டால், “மனிதர்களிடம் பெனிசிலின் பயன் தரவில்லை என்பதைக் காட்ட” என்னும் தெரிவு, அவர் இறந்துவிட்டார் என்பதால் ஈர்க்கும். ஆனால் முதல் சில நாள்களின் முன்னேற்றமும், சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்ததும், கையிருப்பு தீர்ந்ததும் வேறொன்றைச் சொல்கின்றன: மருந்து வேலை செய்தது, அளவுதான் போதவில்லை. ஒரு நிகழ்ச்சியின் நோக்கம் அந்நிகழ்ச்சியைத் தாங்கி நிற்கும் வாக்கியங்களில் இருக்கிறது; நிகழ்ச்சியின் முடிவை மட்டும் பார்த்தால் அது பிடிபடாது.

யார் சொல்வது என்பதையும் கவனிக்க வேண்டும். ஃபிளெமிங்கையே பெரும்பாலும் புகழ்ந்தவை செய்தித்தாள்கள். எழுதியவர் அதைத் தம் கருத்தாகச் சொல்லவில்லை. ஆங்கில உரையில் ‘சம் கிரிட்டிக்ஸ் ஆர்க்யூ’, ‘இட் இஸ் ஆஃப்டன் கிளெய்ம்டு’ என்று தொடங்கும் வாக்கியங்கள் பிறர் கருத்தை எடுத்துரைப்பவை. பெரும்பாலும் அடுத்த வாக்கியத்திலேயே ‘ஹவ்எவர்’ வந்து எழுதியவரின் கருத்து எதிர்த்திசையில் திரும்பும்.

தமிழரைத் தடுக்கிவிடும் சிறுசொற்கள்

கடினமான சொற்கள் தெரியாததால் விடை தவறுவதைவிட, நன்றாகத் தெரிந்த சிறுசொற்களைக் கவனியாததால் தவறுவதே அதிகம். அவற்றுள் சில, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைக் குறிப்பாகத் தடுக்கிவிடுகின்றன.

முதலில் ‘நாட் அன்டில்’. ‘இட் வாஸ் நாட் அன்டில் 1939’ என்று தொடங்கும் வாக்கியத்தைப் படிக்கும்போது ‘நாட்’ என்னும் எதிர்மறை காதில் விழ, 1939இல் அது நடக்கவில்லை என்று புரிந்துகொண்டுவிடுகிறோம். பொருள் அதற்கு நேர்மாறானது: அதுவரை நடக்கவில்லை, 1939இல்தான் நடந்தது. தமிழில் “1939இல்தான்” என்று ஒரு “தான்” போட்டு முடிக்கும் இடத்தில் ஆங்கிலம் இப்படிச் சுற்றிவருகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அடுத்தது ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ என்னும் இணை. ‘எ’ இருந்தால் சிலர் உண்டு. ‘எ’ இல்லாவிட்டால் இல்லையென்றே சொல்லுமளவுக்குக் குறைவு. ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ என்பவற்றுக்கும் இதுவே. தமிழில் இரண்டையும் “சில”, “கொஞ்சம்” என்று சொல்லிக் கடந்துவிடுவதால் கண் அந்த ஓரெழுத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. ‘ஆல் பட் ஃபர்காட்டன்’ என்றால் ஏறத்தாழ மறக்கப்பட்டது. ‘எனிதிங் பட் ஃபர்காட்டன்’ என்றால் மறக்கப்படவே இல்லை. ‘ஃபெயில்ட் டு’ என்பது முயன்று தோற்றதைத்தான் குறிக்கும் என்றில்லை. வெறுமனே செய்யவில்லை என்பதாகவும் இருக்கும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது ‘மே ஹேவ்’, ‘குட் ஹேவ்’ என்பவற்றின் வேறுபாடு. தமிழில் “அவர் போயிருக்கலாம்” என்னும் ஒரே வாக்கியம் இரு பொருள் தரும்: ஒருவேளை போயிருக்கக்கூடும், தெரியாது என்பது ஒன்று, போக வாய்ப்பிருந்தும் போகவில்லை, போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது மற்றொன்று. எதைக் குறிக்கிறது என்பதைக் குரலிலும் சூழலிலும் புரிந்துகொண்டு பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் ‘மே ஹேவ்’ முதல் பொருளைத் தரும். ‘குட் ஹேவ்’ இரண்டு பொருளிலும் வரும் என்றாலும், வாதம் செய்யும் உரைகளில் நடக்காமற்போன வாய்ப்பைச் சுட்டுவதே மிகுதி. ‘ஷுட் ஹேவ்’ என்றால் செய்திருக்க வேண்டும், ஆனால் செய்யவில்லை. ஆகவே ஓர் அரசு முன்பே நடவடிக்கை ‘குட் ஹேவ் டேக்கன்’ என்று உரை சொன்னால், நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்பதைச் சூழலைக் கொண்டு உறுதி செய்யாமல் “அரசு நடவடிக்கை எடுத்தது” என்னும் தெரிவைத் தொடக் கூடாது.

கடைசியாக, வலிமையை அளக்கும் சொற்கள். உரை ‘மே’, ‘டெண்ட் டு’, ‘லைக்லி’ என்று தயங்கிச் சொன்னதைத் தெரிவு ‘ஆல்வேஸ்’, ‘ஒன்லி’, ‘ஆல்’ என்று அடித்துச் சொன்னால் அது தவறு. இதைக் கேட்டுவிட்டு ‘ஆல்வேஸ்’ உள்ள தெரிவை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உரையே உறுதியாகச் சொல்லியிருந்தால் உறுதியான தெரிவுதான் விடை. ஒப்பிட வேண்டியது உரையின் வலிமையையும் தெரிவின் வலிமையையும்தான்.

இரண்டில் எது என்று நின்றுவிட்டால்

இரண்டு தெரிவுகளை எளிதில் நீக்கிவிட்டு, மீதி இரண்டில் மாட்டிக்கொண்டு மூன்று நிமிடத்தைச் செலவழிப்பது எல்லாருக்கும் நேர்வது. அப்போது இரண்டையும் முழுமையாக மறுபடி மறுபடி படிப்பதில் பயனில்லை. இரண்டுக்கும் இடையே வேறுபடும் சொல் எது என்று மட்டும் பாருங்கள். ஒன்று “வேகம்” என்றும் மற்றது “செலவு” என்றும் சொன்னால், உரைக்குத் திரும்பி அவ்விரண்டில் எதைப் பற்றிப் பேச்சு இருக்கிறது என்று தேடினால் போதும். எது சரி என்று கேட்பதற்குப் பதிலாக எதில் பிழை இருக்கிறது என்று கேட்பதும் உதவும்; சரியானதற்கு ஆதரவு தேடும் மனம் எதையும் நியாயப்படுத்திவிடும், பிழை தேடும் மனம் அவ்வளவு எளிதில் ஏமாறாது. ஒரு நிமிடத்துக்குள் முடிவு வராவிட்டால் ஒன்றைக் குறித்துவிட்டு, வினா எண்ணின் அருகே ஓர் அடையாளமிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

ஐந்தில் இரண்டைத் தேரும் வினாவில் முறை சற்று மாறுகிறது. அங்கே தெரிவுகளுக்கான செய்திகள் ஒரே வாக்கியத்தில் இல்லாமல், ஒன்றிரண்டு பத்திகளில் சிதறிக் கிடக்கும். எனவே தெரிவுகளை முதலில் படித்து, ஒவ்வொன்றின் கருவான சொல்லையும் அடிக்கோடிட்டுக்கொண்டு, உரையில் தேடுவதே நடைமுறைக்கு ஏற்றது. தெரிவுகளை மறைக்கும் விதிக்கு இது ஒரு விலக்கு. இரு விடைகளுக்கும் தனித்தனி மதிப்பெண் என்பதால், ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தாலும் மற்றொன்றை ஊகித்து எழுதிவிட வேண்டும். இரண்டு கேட்ட இடத்தில் மூன்று எழுத்துகளை எழுதுவது மட்டும் கூடவே கூடாது.

நேரமும் ஊகமும்

உரைக்கு 20 நிமிடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் உரைகள் போகப்போகக் கடினமாவதால், முதல் உரையை 16, 17 நிமிடத்தில் முடித்து மூன்றாவதற்கு 23 நிமிடமாவது வைத்துக்கொள்வதே சரியென்று நினைக்கிறேன். கருத்தையும் நோக்கத்தையும் கேட்கும் நான்கு தெரிவு வினாக்கள் மூன்றாம் உரையில்தான் அடிக்கடி வருகின்றன. களைத்த நிலையில் அவற்றைச் சந்திப்பது போதாதென்று, நேரமும் இல்லாமல் சந்திக்க வேண்டாம்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் ஒரு வினாவைக்கூட வெறுமையாக விடக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நம்மில் பலர் வங்கித் தேர்வுகளுக்கும் தயாராகிறவர்கள். அங்கே ஒவ்வொரு தவறான விடைக்கும் அவ்வினாவின் மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு கழிக்கப்படும் என்பதால், தெரியாததை விட்டுவிடும் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. அந்தத் தேர்வுகளிலும்கூடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஐந்து தெரிவுகளில் கண்மூடித்தனமாக ஒன்றைக் குறித்தால், ஐந்து முறையில் ஒருமுறை 1 மதிப்பெண் கிடைத்து, நான்கு முறை கால் மதிப்பெண் போய், வரவும் செலவும் நேராகிவிடும். ஒரே ஒரு தெரிவையாவது உறுதியாக நீக்க முடிந்தால் ஊகம் சிறிதளவு இலாபத்தில் நிற்கும். கழிவே இல்லாத ஐஇஎல்டிஎஸ்ஸில் இந்தக் கணக்குக்கே தேவையில்லை.

பயிற்சி செய்யும் முறை

நாளுக்கு மூன்று மாதிரித் தேர்வு எழுதி, மதிப்பெண்ணை மட்டும் குறித்துக்கொண்டு நகர்கிறவர்கள், இரண்டு மாதம் கழித்தும் அதே இடத்தில் நிற்கிறார்கள். ஒரு தேர்வை எழுதுவதற்கு ஒரு மணி நேரம் என்றால், திருத்தி ஆராய்வதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதுங்கள்: சரியான விடைக்கு ஆதாரமான வாக்கியம் எது, நீங்கள் தேர்ந்த தெரிவில் பொய்யான சொல் எது, ஏன் அந்தச் சொல் உங்கள் கண்ணில் படவில்லை. சரியாக எழுதிய வினாக்களிலும், விரல் வைத்துக் காட்ட முடியாமல் ஊகத்தில் சரியானவற்றைத் தவறுகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது, முப்பது குறிப்புகள் சேர்ந்ததும் ஒரு வகைத் தவறு மீண்டும் மீண்டும் தலைகாட்டும். சிலருக்கு அது காலத்தைக் கவனியாமை. சிலருக்குப் பிறர் கருத்தை எழுதியவரின் கருத்தாகக் கொள்ளுதல். சிலருக்கு உரைக்கு வெளியே இருந்து விடையைக் கொண்டுவருதல். எது உங்களுடையது என்று தெரிந்த பிறகு செய்யும் பயிற்சிதான் கணக்கில் வரும்.

முதல் இரண்டு வாரம் கடிகாரம் இல்லாமல் பழகலாம். முறை கைவந்த பிறகு கடிகாரத்தை வைத்து, ஒரே அமர்வில் அறுபது நிமிடமும் எழுதிப் பழக வேண்டும். கணினியில் தேர்வு எழுதப் போகிறவர் கணினியில்தான் பயிற்சி செய்ய வேண்டும். இடப்புறம் உரை, வலப்புறம் வினா என்னும் அமைப்புக்கும், உரையில் வண்ணம் தீட்டிக் குறித்துக்கொள்ளும் வசதிக்கும் கண்ணும் கையும் பழக நாளாகும்.

கடைசி ஐந்து நிமிடம்

செவிப்புலத் தேர்வின் அச்சு வடிவத்தில் விடைகளை விடைத்தாளுக்கு மாற்ற 10 நிமிடம் தனியே தருவதைக் கேள்விப்பட்டவர்கள், வாசிப்புத் தேர்விலும் அப்படித் தருவார்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். வாசிப்பில் அந்தக் கூடுதல் நேரம் இல்லை. விடைகளை அறுபது நிமிடத்துக்குள்ளேயே விடைத்தாளில் எழுதி முடிக்க வேண்டும். ஒவ்வோர் உரையும் முடிந்ததும் அதன் விடைகளை உடனே எழுதிவிட்டால், இறுதியில் அவசரத்தில் 31ஆம் எண்ணின் விடையை 32ஆம் கட்டத்தில் எழுதி, அங்கிருந்து எல்லாமே ஒரு கட்டம் நகர்ந்துபோகும் விபத்து நேராது. மீதமிருக்கும் நேரத்தில் வெறுமையான கட்டங்களை முதலில் நிரப்புங்கள். பிறகு அடையாளமிட்டு வைத்த வினாக்களுக்கு மட்டும் திரும்புங்கள். அங்கே முன்பு எழுதிய விடையை மாற்ற வேண்டுமானால், உரையில் அதற்கெதிரான ஒரு சொல்லைக் கண்ணால் கண்ட பிறகு மட்டும் மாற்றுங்கள். மனம் உறுத்துகிறது என்பதற்காக மாற்ற வேண்டாம்.